மாத்திரையைத் தள்ளிப் போடலாமா?

கேள்வி: 4 ஜூன் 2024

அப்பாவுக்கு 63 வயது. வலது கை நடுங்குகிறது, நடை மெதுவாகிவிட்டது. பார்க்கின்சன் என்று சொல்லி லெவோடோபா எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மாத்திரை ஐந்து வருடம்தான் கேட்கும், அப்புறம் உடம்பு பழகிவிடும், அதனால் முடிந்தவரை தள்ளிப் போடு என்கிறார் எங்கள் சித்தப்பா. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

4 ஜூன் 2024, இரவு 10:40

தள்ளிப் போடாதீர்கள். நாங்கள் போட்டோம், பதினான்கு மாதம். அதில் சம்பாதித்தது ஒன்றுமில்லை.

என் அப்பாவுக்கு 2017 நவம்பரில் தெரிந்தது, அப்போது அவருக்கு 64. அதற்கு முன் ஒரு வருடம் தோள்பட்டை வலி என்று எலும்பு டாக்டரிடம் அலைந்தோம். மெழுகு ஒத்தடம், கரண்ட் வைப்பது எல்லாம் ஆயிற்று. நரம்பு டாக்டர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டிக் காட்டச் சொன்னார், வராந்தாவில் நடக்கச் சொன்னார், வலது கை வீசாமல் தொங்குவதை எங்களுக்குக் காட்டினார். ஐந்து நிமிடம். அன்றே மாத்திரை எழுதினார்.

உங்களுக்குச் சித்தப்பா, எங்களுக்குப் பெரியப்பா. அதே ஐந்து வருடக் கதை. அப்பா மருந்துச் சீட்டை நாலாக மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டார். 2019 ஜனவரியில் குளியலறையில் விழுந்து மணிக்கட்டு உடைந்த பிறகுதான் அது வெளியே வந்தது. இடைப்பட்ட காலத்தில் சட்டைப் பொத்தான் போடுவதை விட்டார், கல்யாணங்களுக்குப் போவதை விட்டார், பந்தியில் இலை முன்னால் உட்காரவே கூச்சப்பட்டார். மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரம் தானே ஷேவ் செய்துகொண்டு கூடத்துக்கு வந்து நின்றார். அம்மா பேசாமல் உள்ளே போய்க் காபி போட்டாள்.

ஐந்தரை வருடம் ஆகிறது. மாத்திரை இன்னும் கேட்கிறது. முன்போல் கேட்கிறதா என்றால் இல்லை. அதை நாளைக்கு எழுதுகிறேன், இப்போது கடைசி டோஸ் கொடுக்க வேண்டும்.

5 ஜூன் 2024

ஐந்து வருடக் கதை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன்.

வீட்டு மாடியில் தொட்டி இருந்தால் குழாயில் எப்போது தண்ணீர் வந்தால் என்ன, நாள் முழுக்க ஓடும். தொட்டி ஓட்டையாகிவிட்டால் குழாயில் வரும் நேரத்தில்தான் தண்ணீர். உடம்பை ஒழுங்காக அசைக்க மூளைக்கு வேண்டிய ரசாயனம் டோபமைன். அதைச் செய்யும் செல்கள்தான் அந்தத் தொட்டி. ஆரம்பத்தில் மிச்சமிருக்கும் செல்கள் லெவோடோபாவை வாங்கி, டோபமைனாக்கி, சேர்த்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும். மூன்று வேளை போதும். வருடங்கள் போகப் போகச் செல்கள் குறையும், சேமிக்க இடமில்லை. மாத்திரையோ ரத்தத்தில் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால் இரண்டு டோஸுக்கு நடுவில் வறட்சி. இதைத்தான் "ஆஃப்" என்கிறார்கள், மாத்திரை வேலை செய்யும் நேரம் "ஆன்". தொட்டி ஓட்டையானது நோயால். குழாய் என்ன செய்யும்?

நான் சொன்னால் நம்ப வேண்டாம். கானாவில் மாத்திரை சுலபத்தில் கிடைக்காமல், நோய் வந்து சராசரியாக நான்கு வருடத்துக்கு மேல் கழித்து ஆரம்பித்தவர்களையும், இத்தாலியில் இரண்டு வருடத்துச் சொச்சத்தில் ஆரம்பித்தவர்களையும் ஒப்பிட்டு 2014-இல் ஒரு ஆய்வு வந்தது. இந்த "ஆன், ஆஃப்" தொல்லை இரண்டு பக்கமும் நோய் தொடங்கி ஏறக்குறைய அதே காலத்தில்தான் வந்தது. கானாக்காரர்கள் காத்திருந்ததால் ஒன்றும் தள்ளிப் போகவில்லை. 2019-இல் நெதர்லாந்தில் 445 பேரிடம், பாதிப் பேருக்கு உடனே, பாதிப் பேருக்கு 40 வாரம் கழித்து என்று கொடுத்துப் பார்த்தார்கள். 80 வாரம் முடிவில் இரு தரப்பும் சமம். சீக்கிரம் கொடுத்ததால் நோய் நிற்கவும் இல்லை, கெடுதலும் இல்லை. ஆனால் அந்த முதல் 40 வாரம் ஒரு தரப்பு கொஞ்சம் நன்றாக இருந்தது. பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "கானாவுக்கும் நமக்கும் என்னம்மா" என்றார்.

6 ஜூன் 2024

"நடுக்கமே இல்லை, எப்படிப் பார்க்கின்சன்?" என்று கேட்டவருக்கு: நடுக்கம் கட்டாயமில்லை. அசைவில் மந்தம்தான் கட்டாயம். கூட விறைப்பாவது நடுக்கமாவது இருக்க வேண்டும். 1817-இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் "நடுக்கு வாதம்" என்று பெயர் வைத்து எழுதியதில் நடுக்கம் தலைப்பிலேயே உட்கார்ந்துவிட்டது, இன்னும் இறங்கவில்லை.

பின்னால் திரும்பிப் பார்த்தால் எங்களுக்குத் துப்பு நிறைய இருந்தது. அப்பா கூட்டுறவு வங்கியில் கணக்கர். ஓய்வுக்குப் பிறகும் பால், சிலிண்டர், மோட்டார் ரிப்பேர் எல்லாவற்றையும் டைரியில் எழுதுவார். 2016 டைரியை எடுத்தால், ஒவ்வொரு வரியும் நல்ல எழுத்தில் தொடங்கிப் போகப் போக எறும்பாகச் சுருங்கும். "பால் 2 பாக்கெட்" என்பதில் "பாக்கெட்" படிக்கவே முடியாது. அதற்கும் முன்னால், பெருங்காயம் போட்டாயா போட்டாயா என்று அம்மாவிடம் சண்டை. வாசனை போயிருக்கிறது, யாருக்கும் தோன்றவில்லை. தூக்கத்தில் யாரையோ துரத்திக் கைகால் உதறுவார், அம்மா 2013-லேயே கட்டிலை மாற்றிக்கொண்டாள். மலச்சிக்கல் சொல்லவே வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு மூக்கடைப்புக்கெல்லாம் பயந்துகொண்டு நரம்பு டாக்டரிடம் ஓடாதீர்கள். இவற்றில் ஒன்று மட்டும் இருக்கிற நிறையப் பேருக்கு ஒன்றுமே வருவதில்லை.

9 ஜூன் 2024

மாத்திரையின் பெயரை விட நேரம் முக்கியம். இதை எங்களுக்கு யாரும் முதலில் சொல்லவில்லை.

லெவோடோபா ஒரு அமினோ அமிலம். பருப்பு, பால், முட்டை, கறி எல்லாம் செரித்து வருவதும் அமினோ அமிலங்கள். குடலிலும் மூளை வாசலிலும் எல்லாருக்கும் ஒரே கதவு. கூட்டம் இருந்தால் மாத்திரை வெளியே நிற்கும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, அல்லது ஒரு மணி நேரம் பின்பு. நாங்கள் முதல் வருடம் முழுக்க மதியச் சாப்பாட்டோடு, தயிர் சாதம் முடித்த கையோடு கொடுத்தோம். மூன்று மணிக்கு அப்பா நாற்காலியில் சிலையாக உட்கார்ந்திருப்பார், "மதிய மாத்திரை மட்டும் மோசம்" என்று கடையை மாற்றினோம்!

இரும்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்துக் கொடுக்கக்கூடாது, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மணி நேரம் இடைவெளி. பி6 வைட்டமின் அறவே கூடாது.

இப்போது எங்கள் நேரம்: 6, 10, 2, 6, இரவு 10:30. செல்போனில் ஐந்து அலாரம். எதிர்வீட்டுக் குழந்தை அந்த டியூனைப் பாடுகிறது.

17 ஜூன் 2024

திருத்தம். மேலே பி6 கூடாது என்று எழுதினேன். ஒரு மருந்தாளுநர் தனியாகச் செய்தி அனுப்பித் திருத்தினார். அது லெவோடோபாவை மட்டும் தனியாகக் கொடுத்த பழைய காலத்து விதி. இப்போதைய மாத்திரையில் கார்பிடோபா என்ற துணை மருந்து சேர்ந்திருப்பதால் சாதாரண அளவு பி6 ஒன்றும் செய்யாது. சொல்லப்போனால் அதிக டோஸ் எடுப்பவர்களுக்குப் பி6 குறைந்தும் போகலாம், டாக்டர் பார்த்துக் கொடுப்பார். ஐந்து வருடமாக அப்பாவின் சத்து மாத்திரையை நான் பிடுங்கி வைத்திருந்தேன். நேற்று மன்னிப்புக் கேட்டேன், "அது கசக்கும், நல்லதுதான் பண்ணினே" என்றார்.

இன்னொன்றும் திருத்த வேண்டும், புரதம். மேலே படிப்பவர்கள் பருப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது, ஏனென்றால் நானே அதைச் செய்தேன். 2021-இல் காலையிலிருந்து இரவு வரை பருப்பும் தயிரும் கிடையாது, ரசம் சாதம், அப்பளம். "ஆன்" நேரம் கூடியது உண்மை. ஆறு மாதத்தில் ஆறு கிலோ இறங்கினார், வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. உணவு ஆலோசகர் திட்டினார். பகலில் குறைத்துக்கொள், இரவில் சேர்த்துக் கொடு, மொத்தத்தைக் குறைக்காதே என்றார். இப்போது பருப்பு அடை, முட்டை, பால் எல்லாம் ஏழரை மணிக்கு. அதற்குப் பிறகு அப்பா மெதுவாகிவிட்டால் என்ன, தூங்கத்தானே போகிறார். ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே தேவைப்படாது.

2 ஜூலை 2024

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: மாத்திரை ஆரம்பித்தார்கள், வாந்தி வருகிறது, நிறுத்திவிட்டார்கள். ஐயோ, நிறுத்தாதீர்கள், கூப்பிட்டுக் கேளுங்கள்.

அட்டையில் 110 என்று இருந்தால் 100 மில்லிகிராம் லெவோடோபா, 10 கார்பிடோபா. 125 என்றால் 100, 25. வயிற்றுப் பக்கம் லெவோடோபா டோபமைனாக மாறாமல் பிடித்து வைப்பது கார்பிடோபாவின் வேலை. ஒரு நாளைக்கு 70 மில்லிகிராமாவது சேர்ந்தால்தான் ஒழுங்காகப் பிடிக்கும். 110 மூன்று வேளை என்றால் 30தான் ஆகிறது. எங்கள் அப்பாவுக்கும் அதுதான் நடந்தது, 125-க்கு மாற்றியதும் வாந்தி நின்றது. ஆனால் மாற்றுவதற்கு முன் ஒரு கூத்து.

ஞாயிற்றுக்கிழமை. நரம்பு டாக்டர் இல்லை. பக்கத்துத் தெரு கிளினிக்கில் வாந்திக்கு ஊசி போட்டார்கள், மெட்டோகுளோப்ரமைடு. அது டோபமைன் உட்காரும் இடத்தை அடைக்கிற மருந்து. சாயங்காலம் அப்பாவின் முகம் களிமண் மாதிரி ஆகிவிட்டது, எச்சில் ஒழுகியது, திரும்பிப் படுக்க முடியவில்லை. தெளிய இரண்டு நாள். தலைசுற்றலுக்குக் கொடுக்கிற புரோகுளோர்பெரசின், சின்னரிசின் எல்லாம் இதே ஜாதி. நம்மூரில் தலைசுற்றல் என்றாலே இவற்றைத்தான் நீட்டுவார்கள். பார்க்கின்சன் இல்லாதவருக்கே மாதக்கணக்கில் கொடுத்தால் பார்க்கின்சன் மாதிரி வரும். வாந்திக்கு எங்கள் டாக்டர் கொடுப்பது டோம்பெரிடோன், அதுவும் இதயத் துடிப்பைப் பார்த்துவிட்டு.

கூடாத மருந்துகளின் பெயர்களை ஒரு சீட்டில் எழுதி லேமினேட் செய்து அப்பாவின் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். துவைக்கும்போது மூன்று முறை வாளியில் போயிற்று. லேமினேஷன் வாழ்க.

19 ஆகஸ்ட் 2024

கால் ஒட்டிக்கொள்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்பா சொல்வது: "பசை தடவின மாதிரி. மேல் உடம்பு போகுது, கால் வரமாட்டேங்குது." நிலைப்படியில், திரும்பும் இடத்தில், வாசலில் ஆட்டோ காத்திருக்கும்போது. அவசரப்படுத்தினால் இன்னும் மோசம். கையைப் பிடித்து இழுத்தால் விழுவார், இழுக்கவே கூடாது.

வழி கண்டுபிடித்தது அம்மா, தற்செயலாக. மார்கழியில் வாசலை அடைத்துப் பெரிய கோலம். வெறும் தரையில் நகராத மனிதர், கோலத்தை மிதிக்கக்கூடாதே என்று கோட்டுக்குக் கோடு எட்டுவைத்துத் தாண்டிப் போய்விட்டார்! நாங்கள் வாயைப் பிளந்து நின்றோம். பிறகுதான் தெரிந்தது, உலகம் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள். தானாக நடக்கும் பாதை பழுதாகிவிட்டது, ஆனால் கண்ணால் பார்த்து, இதைத் தாண்டு என்று தாண்டும் பாதை வேறு, அது மிச்சமிருக்கிறது. 2010-இல் நெதர்லாந்து டாக்டர்கள் ஒருவரைப் படம் பிடித்துக் காட்டினார்கள், நாலடி நடக்க முடியாமல் விழுகிறவர் சைக்கிளில் ஏறியதும் ஒழுங்காக ஓட்டிப் போகிறார்.

எங்கள் வீட்டில் சிவப்பு சிமெண்ட் தரை. படுக்கையறையிலிருந்து குளியலறை வரை மஞ்சள் டேப், நடக்கும் திசைக்குக் குறுக்கே, ஓர் அடி வைக்கும் தூரத்துக்கு ஒன்று. திரும்பும் இடத்தில் விசிறி மாதிரி ஒட்டினேன். டேப் இல்லாத இடத்தில் "ஒண்ணு, ரெண்டு" என்று சத்தமாக எண்ணுவோம், அல்லது என் காலை அவர் காலுக்கு முன்னால் குறுக்கே வைப்பேன், அதைத் தாண்டுவார். தபால்காரர் பார்த்துவிட்டு நான் அப்பாவை இடறிவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

மிதியடியை எல்லாம் தூக்கிப் போட்டாயிற்று. வேட்டி ஒட்டிக்கோ வேட்டியாக மாறியது. கட்டிலின் கால்பக்கம் ஒரு கயிறு, முடிச்சு முடிச்சாக, பிடித்து எழுந்திருக்க. மெத்தை மேல் அம்மாவின் பழைய வழவழப்பான புடவை, திரும்பிப் படுக்கச் சறுக்கும். இதற்கெல்லாம் செலவு டேப் காசுதான். நான் முதலில் வாங்கியது பதினெட்டாயிரம் ரூபாய் மசாஜ் நாற்காலி, அது இப்போது துணி மடிக்கும் இடம்.

20 ஆகஸ்ட் 2024

நடையை விட்டுவிட்டேனே. டேப் ஒட்டிவிட்டு உட்கார வைத்துவிடாதீர்கள். மூச்சு வாங்கும் அளவுக்கு நடை, தினமும், மாத்திரை வேலை செய்யும் நேரத்தில். எங்களுக்குப் பத்தே முக்கால். குரலுக்கும் பயிற்சி உண்டு, சுருக்கம் ஒன்றுதான்: கத்திப் பேசு. தான் சாதாரணமாகப் பேசுவதாக அவருக்குத் தோன்றும், நமக்குக் கேட்காது. அப்பா தினமும் பேப்பரை மாடி வீட்டுக்குக் கேட்கும்படி படிக்கிறார். மாடி வீட்டுக்காரர் பேப்பரை நிறுத்திவிட்டார்.

14 செப்டம்பர் 2024

பூனைக்காலி விதைப் பொடி சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வி வரும் என்று தெரியும்.

நான் அதைப் போலி என்று சொல்லமாட்டேன். அந்த விதையில் இருப்பது லெவோடோபாவேதான், அசல். 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அப்போது அது எதற்கு உதவும் என்று உலகில் யாருக்கும் தெரியாது. மூளையில் டோபமைனுக்கு என்ன வேலை என்று ஸ்வீடனின் கார்ல்சன் காட்டியது 1950-களின் கடைசியில், வியன்னாவில் லெவோடோபாவை நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தது 1961-இல், வாய்வழியாக நிறையக் கொடுத்தால் நிலைக்கும் என்று அமெரிக்காவில் கோட்சியாஸ் காட்டியது 1967-இல். சேப்பாக்கத்தில் கிடைத்த பொருள் முப்பது வருடம் சுற்றிவிட்டு வந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

பிரச்சினை அளவுதான். ஒரு விதைக்கும் இன்னொன்றுக்கும், ஒரு பொடிக்கும் இன்னொன்றுக்கும் மாறும். கூடக் கார்பிடோபா இல்லை. மாமா கொடுத்தார் என்று அப்பா பத்து நாள் எங்களுக்குத் தெரியாமல் பாலில் கலக்கிக் குடித்தார், மாத்திரையையும் விடாமல். பதினோராம் நாள் கழுத்தும் கையும் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்தது. நோய் முற்றிவிட்டது என்று அழுதோம். அலமாரியில் பொடி டப்பா கிடைத்தது. இரண்டு டோஸ் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். மறைத்துச் சாப்பிட்டால், அடுத்த முறை எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று அவர் இருட்டில் தடவுவார்.

3 நவம்பர் 2024

இதை எழுதலாமா என்று யோசித்தேன். அப்பாவிடம் கேட்டேன், "எழுது, இன்னொருத்தன் தப்பிப்பான்" என்றார்.

2022-இல் "ஆஃப்" நேரத்தைக் குறைக்கப் பிராமிபெக்சோல் சேர்த்தார்கள், டோபமைன் மாதிரியே மூளையில் வேலை செய்கிற மாத்திரை. உடம்புக்கு நன்றாகக் கேட்டது. மூன்று மாதம் கழித்து வீட்டுக்குப் பார்சல் வர ஆரம்பித்தது. பாக்கெட் ரேடியோ. ஒன்று, இரண்டு, ஏழு. வாழ்நாள் முழுக்க பேனா ரீஃபிலைக்கூட தீரும்வரை எழுதிய மனிதர். கேட்டால் கோபம், "என் பென்ஷன், என் ரேடியோ." ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் செல்போன் வெளிச்சம். ரம்மி. நாற்பதாயிரத்துச் சொச்சம் போயிருந்தது.

எங்களுக்கு அது மருந்து என்றே தோன்றவில்லை. வயசான காலத்தில் புத்தி இப்படிப் போகிறதே என்று அம்மா யாரிடமும் சொல்லாமல் வெட்கப்பட்டாள். இந்த வகை மருந்துக்கு, ரோபினிரோலும் அப்படித்தான், இது எழுதப்பட்ட பக்கவிளைவு: சூதாட்டம், வாங்கிக் குவிப்பது, தின்பது, காம இச்சை. ஆரம்பிக்கும்போதே வீட்டாரிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. மெதுவாகக் குறைத்து நிறுத்தினார்கள். இரண்டு மாதத்தில் ரம்மி நின்றது. அந்தக் கடன் அட்டை இன்னும் என்னிடம்தான்.

ரேடியோக்களைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தோம். பெரியப்பாவுக்கு ஒன்று.

22 ஜனவரி 2025

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 ஊனப் பட்டியலில் பார்க்கின்சன் இருக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில்.

சான்று கொடுக்கும் முகாமுக்குப் பத்தரை மணிக்குக் கூட்டிப்போனேன். அப்பாவின் பொற்காலம் அது. கம்பீரமாக நடந்து போய் வணக்கம் வைத்தார். "நல்லாத்தானே இருக்கார்" என்றார்கள், 20 சதவீதம் போட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை மாத்திரையை நிறுத்திக் கூட்டிப்போ என்று ஒருவர் யோசனை சொன்னார், அதைச் செய்யாதீர்கள். நான் ஒரு நாள் முழுக்க இரண்டு மணிக்கொரு முறை ஒரு நிமிட வீடியோ எடுத்தேன், நேரம் தெரிய, சட்டைப் பொத்தானோடு, நிலைப்படியோடு. கூடவே நரம்பு டாக்டர் கடிதம். இரண்டாம் முறை கிடைத்தது. அதே வீடியோக்களை டாக்டரிடமும் காட்டினேன், இரண்டு மணி டோஸை ஒன்றரைக்கு மாற்றினார்.

8 மார்ச் 2025

பத்து நாளாக அப்பா ஆஸ்பத்திரியில்.

"கட்டில் ஓரத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருக்கான், அவனுக்குச் சாப்பாடு போட்டாயா" என்று கேட்டார். பயமில்லை அவருக்கு, உபசாரம்தான். அம்மாவுக்குத்தான் குலை நடுங்கியது. டாக்டர் முதலில் சிறுநீரைப் பார்த்தார், தொற்று. கூடவே நடுக்கத்துக்காகப் பழைய காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டிருந்த டிரைஹெக்சிஃபெனிடிலைப் படிப்படியாக எடுத்துவிட்டார், வயதானவர்களைக் குழப்புகிற மருந்து அது. பையன் போய்விட்டான். இந்த மாதிரிக் குழப்பத்துக்குப் போடுகிற ஹாலோபெரிடால் மட்டும் போட விடாதீர்கள், கல்லாக்கிவிடும்.

வார்டில் என் சண்டை மாத்திரைக்காக. அவர்கள் ரவுண்டுக்கு 8, 2, 8. எங்கள் வீட்டுக்கு ஐந்து வேளை. முதல் நாள் பத்து மணி டோஸ் பன்னிரண்டுக்கு வந்தது, அதற்குள் அவரால் தண்ணீர் விழுங்க முடியவில்லை. இரண்டு மணி நேரம் உங்களுக்கு ஒன்றுமில்லை சிஸ்டர், இவருக்கு அது ஒரு நாள் என்றேன். நல்ல பெண், புரிந்துகொண்டு மாத்திரை டப்பாவை என்னிடமே விட்டார். மாத்திரை திடீரென்று நின்றால் காய்ச்சலும் விறைப்புமாக உயிருக்கே ஆபத்தாகலாம். அட்மிட் ஆகும்போதே நேர அட்டவணையைக் கேஸ் ஷீட்டின் மேல் ஒட்டச் சொல்லுங்கள்.

11 ஏப்ரல் 2025

பார்க்கின்சன் தினமாம், ஜேம்ஸ் பார்க்கின்சன் பிறந்த நாள். சின்னம் சிவப்புத் துலிப். திருச்சியில் துலிப்புக்கு எங்கே போவது, அம்மா கனகாம்பரம் வைத்துக்கொண்டாள்.

விழுங்குவது பற்றி ஒரு வரி கேட்டிருந்தார் ஒருவர். தண்ணீரும் ரசமும்தான் சுலபமாகப் புரையேறும், கொஞ்சம் கெட்டியாக இருப்பது அவ்வளவு ஏறாது. கஞ்சி பதம் நல்லது. மோவாயை மார்புப் பக்கம் தாழ்த்தி விழுங்கச் சொல்லிக் கொடுத்தார்கள். டம்ளரில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், அண்ணாந்து குடிக்க விடாதீர்கள்.

எழுந்து நின்றதும் கண் இருட்டினால் படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பாருங்கள். அப்பாவுக்கு 30 இறங்கியது. பழைய பிரஷர் மாத்திரையை டாக்டர் நிறுத்தினார், உப்பைக் கூட்டச் சொன்னார். இருபது வருடமாக ஊறுகாய்க்கு ஏங்கியவர். அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

1 ஜூன் 2025

கேள்வி கேட்டவர் ஒரு வருடம் கழித்து வந்திருக்கிறார். அப்பா 125 மூன்று வேளை எடுக்கிறார், ஸ்கூட்டர் ஓட்டுகிறார், மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தார் என்று. சந்தோஷம். சித்தப்பா என்ன சொல்கிறார் என்பதையும் எழுதியிருக்கலாம்.

"நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறார். நான் சமாளிக்கவில்லை, அம்மா சமாளிக்கிறாள். அவளுக்கு 67. போன மாதம் அப்பாவைத் தூக்கப் போய் முதுகு பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் நான் லீவு போட்டுப் பார்த்தேன், மூன்றாம் நாள் அலாரத்தின் மேல் எரிந்து விழுந்தேன், அலாரத்தின் மேல் மட்டும் இல்லை. இப்போது செவ்வாயும் வெள்ளியும் மதியம் மூன்று மணி நேரம் ஒரு தம்பி வருகிறார். அம்மா அந்த நேரத்தில் கோயிலுக்குப் போவதாகச் சொல்கிறாள். பாதி நாள் எதிர்வீட்டில் சீரியல் பார்க்கிறாள், எனக்குத் தெரியும். இதை நான் நான்கு வருடம் முன்பே செய்திருக்க வேண்டும்.

2 ஜூன் 2025

இவ்வளவு நாள் எழுதியதை அச்செடுத்து அப்பாவுக்குக் கொடுத்தேன். பதினொரு மணிக்கு உட்கார்ந்து, பென்சிலை வைத்துக்கொண்டு, கணக்கர் மாதிரி சரிபார்த்தார். எழுத்து சின்னதாக இருந்தாலும் படிக்க முடிந்தது. அவர் திருத்தங்கள், அவர் சொன்னபடி:

"ரேடியோ ஏழு இல்லை பாப்பா, ஆறு. ஏழாவது பழசு, ரிப்பேருக்குப் போய் வந்தது. டேப் முதல்ல ஒட்டினது பச்சை, சிவப்புத் தரையில எனக்குத் தெரியலைன்னு நான் சொல்லித்தான் மஞ்சள் வாங்கினே. மசாஜ் நாற்காலி பதினெட்டாயிரத்து ஐந்நூறு, பில் இருக்கு. அந்தப் பையன் ஓரத்தில உட்காரலை, நடுவில உட்கார்ந்திருந்தான்."